காப்பாற்றப்பட்ட கால்கள்: முப்பது ஆண்டுகளுக்குப் பின் யார் பொறுப்பு?
எலும்புப் புற்றுநோயாளிகளுக்குப் பொருத்தப்படும் செயற்கை எலும்பின் நீண்டகாலக் கணக்கு

புது தில்லி: எலும்பில் புற்றுநோய் என்றால் காலை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில் எப்போதோ மாறிவிட்டது. நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தாலான செயற்கை எலும்பைப் பொருத்திக் காலைக் காப்பாற்றும் அறுவைச் சிகிச்சை இன்று மும்பை, தில்லி, சென்னை போன்ற நகரங்களில் வழக்கமான ஒன்றாகிவிட்டது. நோயிலிருந்து மீண்டு, இரண்டு கால்களுடனும் ஊர் திரும்புவோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிவருகிறது.

ஆனால், அந்த உலோகம் எத்தனை ஆண்டுகள் தாங்கும், தேய்ந்தாலோ முறிந்தாலோ மாற்றித் தருவது யார், அந்தச் செலவை ஏற்பது யார் என்ற கேள்விகளுக்கு நாட்டில் இன்னும் தெளிவான விடை இல்லை. சிகிச்சை பெறுபவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதினர் என்பதால் இக்கேள்விகள் மேலும் கூர்மை பெறுகின்றன. பதினைந்து வயதில் பொருத்தப்படும் செயற்கை எலும்பு, நோய் தீர்ந்துவிட்டால், அறுபது ஆண்டுகள் உழைத்தாக வேண்டும். அத்தனை காலம் தாங்கும் இயந்திரம் எதுவும் இதுவரை செய்யப்படவில்லை.

வளரும் வயதில் வரும் நோய்: எலும்பில் தோன்றும் புற்றுநோய்களில் முதன்மையானது ஆஸ்டியோசார்கோமா. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 3 அல்லது 4 பேருக்கு இந்நோய் வரக்கூடும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றினாலும், இந்தியாவின் மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் அது ஆண்டுக்குச் சில ஆயிரங்களாகிறது. எலும்பு வேகமாக வளரும் 10 முதல் 20 வயதுக்குள்தான் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. தொடை எலும்பின் கீழ்முனை, கணைக்கால் எலும்பின் மேல்முனை ஆகிய இரண்டும், அதாவது முழங்காலைச் சுற்றியுள்ள பகுதி, இதன் முக்கியமான இருப்பிடம்.

ஜயன்ட் செல் டியூமர் எனப்படும் மற்றொரு கட்டி 20 வயதுக்கு மேல் 40 வயதுக்குள் வருவது. இது உயிரை அரிதாகவே பறிக்கும். ஆனால் எலும்பை அரித்துவிடும். மேலை நாடுகளைக் காட்டிலும் ஆசிய நாடுகளில் இது அதிகம். சிகிச்சைக்குப் பின் இந்நோயாளிகள் முழு ஆயுளும் வாழ்கிறார்கள் என்பதால், செயற்கை எலும்பின் நீண்டகால உழைப்பு இவர்களுக்கு மேலும் முக்கியமாகிறது.

முழங்கால் வலியும் வீக்கமும் விளையாட்டில் ஏற்பட்ட அடியாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. எண்ணெய் தேய்ப்பது, உருவிவிடுவது, கட்டுப்போடுவது என்று மாதங்கள் கழிந்த பின்னரே பலர் பெரிய மருத்துவமனையை அடைகின்றனர். அதற்குள் கட்டி, தசைகளுக்கும் ரத்தக்குழாய்களுக்கும் பரவிவிட்டால், காலைக் காப்பாற்றும் வாய்ப்பு குறைகிறது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும், ஓய்விலும் தணியாத வலி சில வாரங்கள் நீடித்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம் என்பது எலும்பு மருத்துவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தும் அறிவுரை.

துண்டிப்பிலிருந்து மீட்புக்கு: 1970-களுக்கு முன்பு காலைத் துண்டித்த பிறகும் ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளில் ஐந்தில் ஒருவர்கூடப் பிழைப்பது அரிதாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் முன்பே நுரையீரலுக்குப் பரவியிருந்ததே அதற்குக் காரணம். கீமோதெரபி மருந்துகள் வந்த பிறகு நிலைமை மாறியது. அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியின் மகன் 1973-ஆம் ஆண்டு தனது 12-ஆவது வயதில் காலை இழந்து, அப்போது புதிதாக வந்திருந்த மருந்துகளால் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தார். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 1977-இல் வலது காலை இழந்து, 1980-இல் செயற்கைக் காலுடன் நாட்டின் குறுக்கே ஓடிப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவி 1981-இல் இறந்தார். இன்று, பிற உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் கண்டறியப்பட்டு முழுமையான சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் பேர் பிழைக்கின்றனர்.

உயிருக்கு உறுதி கிடைத்த பிறகே காலைப் பற்றிய சிந்தனை வலுப்பெற்றது. தொடை எலும்பின் கீழ்முனையில் நோய் கண்ட 227 பேரின் விவரங்களை ஆராய்ந்து 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, காலைத் துண்டித்தவர்களுக்கும் காப்பாற்றியவர்களுக்கும் உயிர் பிழைக்கும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் காட்டியது. காலைக் காக்க முயல்வது உயிரைப் பணயம் வைப்பதாகாது என்ற நம்பிக்கை அதன்பின் உலகெங்கும் பரவியது.

உலோக எலும்பு என்ற எண்ணம் அதற்கும் முந்தையது. அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர்களான ஆஸ்டின் மூரும் ஹரால்ட் போல்மனும் 1940-ஆம் ஆண்டிலேயே ஒரு நோயாளியின் தொடை எலும்பின் மேற்பகுதியை அகற்றிவிட்டு, வைட்டாலியம் எனும் கலப்புலோகத்தில் செய்த எலும்பைப் பொருத்தினர். அந்த நோயாளிக்கு இருந்ததும் ஜயன்ட் செல் கட்டிதான்.

இந்தியாவின் சொந்த முயற்சி: இந்தச் சிகிச்சை இந்தியாவுக்கு வந்தபோது முதல் தடை விலையாகவே இருந்தது. வெளிநாட்டுச் செயற்கை எலும்பு ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. விவசாயக் கூலியின் மகனுக்கோ, சிறு கடைக்காரரின் மகளுக்கோ அது எட்டாக்கனி. இதனால் காலைக் காப்பாற்ற மருத்துவ ரீதியாக வாய்ப்பிருந்தும், பணமில்லாத காரணத்தால் துண்டிக்க நேர்ந்தது.

சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன், 1980-களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு நோயாளியின் அளவுக்கேற்ப உள்நாட்டிலேயே செயற்கை எலும்பைச் செய்து பொருத்தும் முறையை வளர்த்தெடுத்தார். 2007-ஆம் ஆண்டு அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை இத்துறையில் நாட்டின் தலையாய மையமாக உயர்ந்தது. 1941-இல் தொடங்கப்பட்டு, 1962 முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் நிர்வாகத்தில் இயங்கும் இம்மருத்துவமனைக்கு பிகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள் எனப் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர்.

மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் ஆதரவுடன் மும்பை ஐஐடி, டாடா நினைவு மருத்துவமனை, ஹைதராபாதில் உள்ள இரும்பு சாரா உலோகத் தொழில்நுட்ப மையம் ஆகியவை இணைந்து முழங்காலுக்கான உள்நாட்டுச் செயற்கை எலும்பை உருவாக்கும் பணியில் ஈடுபட்டன. மருத்துவர், பொறியாளர், உலோகவியலாளர் ஆகிய மூவரும் ஒரே மேஜையில் அமர்ந்து செய்த பணி இது. தொடக்க கால உள்நாட்டுப் பொருத்திகளில் தண்டுப் பகுதி முறிவது போன்ற குறைகள் இருந்தன. முறிந்தவற்றை அகற்றும்போது கிடைத்த பாடங்கள் அடுத்த வடிவமைப்புக்கு உதவின.

எவ்வாறு இயங்குகிறது?: தொடை எலும்பின் கீழ்முனையில் கட்டி இருந்தால், கட்டியுடன் சேர்த்து 15, 20 சென்டிமீட்டர் நீள எலும்பையும் முழங்கால் மூட்டையும் அகற்றிவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் டைட்டானியம் அல்லது கோபால்ட்-குரோமியம் கலப்புலோகத்தாலான பகுதி அமர்கிறது. அதன் ஒரு முனையிலுள்ள தண்டு, எஞ்சியிருக்கும் தொடை எலும்பின் உட்குழலுக்குள் செலுத்தப்பட்டு எலும்பு சிமென்ட்டால் இறுக்கப்படுகிறது. மறுமுனை, கதவுக் கீலைப் போன்ற அமைப்பின் வழியாகக் கணைக்கால் எலும்பில் இறக்கப்பட்ட மற்றொரு தண்டுடன் இணைகிறது. கீலில் உலோகத்தோடு உலோகம் உரசாமலிருக்க பாலிஎத்திலீன் புஷ் இருக்கும்.

இதில் உயிருள்ள பகுதி எதுவும் இல்லை என்பதே நீண்டகாலச் சிக்கலின் வேர். முறிந்த எலும்பு தானே கூடும்; உலோகம் கூடாது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உடலின் எடை தண்டும் எலும்பும் சேரும் இடத்தில் இறங்குகிறது. ஆண்டுக்குப் பல லட்சம் முறை இது நிகழ்கிறது. புஷ் தேய்கிறது; தேய்மானத் துகள்கள் எலும்பைக் கரைக்கின்றன; தண்டு தளர்கிறது; சில வேளைகளில் உலோகமே களைத்து முறிகிறது.

நீண்டகாலக் கணக்கு: இத்தகைய நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த மருத்துவமனைகள் உலகிலேயே மிகச் சில. அவற்றில் முதன்மையானது பிரிட்டனின் பர்மிங்காம் மையம். அங்கு 1966 முதல் 1995 வரை செயற்கை எலும்பு பொருத்தப்பட்ட 661 பேரைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வு, 20 ஆண்டுகளுக்குப் பிறகும் 84 சதவீதம் கால்கள் அல்லது கைகள் துண்டிக்கப்படாமல் காப்பாற்றப்பட்டிருந்ததைத் தெரிவித்தது. இது ஊக்கமளிக்கும் செய்தி.

அதே மையத்திலிருந்து 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு நாணயத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. செயற்கை எலும்புடன் 25 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த 230 பேரை அது ஆராய்ந்தது. முதல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இவர்களுக்குச் சராசரியாக ஒருவருக்கு 2.7 வீதம் மேலும் அறுவைச் சிகிச்சைகள் தேவைப்பட்டன. முதலில் பொருத்திய அதே செயற்கை எலும்பு 18 சதவீதம் பேருக்கு மட்டுமே நிலைத்திருந்தது. 30 ஆண்டுகளில் காலை இழக்கும் அபாயம் 16 சதவீதம்.

இரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் புலப்படுவது இதுதான்: கால் பெரும்பாலும் நிலைக்கும், ஆனால் அதிலுள்ள உலோகம் நிலைக்காது. காலைக் காப்பாற்றும் சிகிச்சை என்பது ஒரே ஒரு அறுவைச் சிகிச்சை அன்று. வாழ்நாள் முழுவதும் நீளும் அறுவைச் சிகிச்சைகளின் வரிசை. பிரிட்டனில் அந்த வரிசை முழுவதையும் அரசின் தேசிய சுகாதார சேவை ஏற்கிறது. இந்தியாவில் அவ்வாறில்லை என்பதுதான் வேறுபாடு.

ஐந்து வகைத் தோல்விகள்: ஐந்து மருத்துவ மையங்களில் செயற்கை எலும்பு பொருத்தப்பட்ட 2,174 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, தோல்விகளை ஐந்தாக வகைப்படுத்தியது. தசை, தசைநாண் ஆகியவை சரிவர ஒட்டாமல் போவது, தொற்று ஏதுமின்றித் தண்டு தளர்வது, உலோகமோ எலும்போ முறிவது, கிருமித்தொற்று, கட்டி மீண்டும் வளர்வது ஆகியவையே அவை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. அவற்றில் முதலிடம் பெற்றது கிருமித்தொற்று. உலகெங்கும் மருத்துவர்கள் இன்று இந்த வகைப்பாட்டையே பயன்படுத்துகின்றனர்.

புஷ் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம்; அது சிறிய அறுவைச் சிகிச்சை. தண்டு தளர்ந்தாலோ முறிந்தாலோ, எலும்பின் உட்குழலிலிருந்து பழைய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதிய தண்டைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சியிருக்கும் எலும்பு சிறிது குறைகிறது. இரண்டாவது, மூன்றாவது மாற்றத்துக்குப் பிறகு தண்டைப் பிடித்துக்கொள்ளப் போதிய எலும்பு இல்லாமல் போவதும் உண்டு.

கிருமித்தொற்று எனும் பெரும் பகை: உலோகத்தின் மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் படலமாகப் படிந்துகொண்டால் மருந்துகள் அவற்றை எளிதில் அழிக்க முடியாது. பெரும்பாலும் செயற்கை எலும்பையே வெளியே எடுத்து, மருந்து கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, தொற்று நீங்கிய பின் புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கிறது. இரண்டு அறுவைச் சிகிச்சை, பல மாதப் படுக்கை, இரு மடங்குச் செலவு. அதுவும் பலனளிக்காவிட்டால் காலைத் துண்டிப்பதே முடிவாகிறது. நோயை வென்று பல ஆண்டுகள் கழித்து, உடலில் வேறெங்கோ ஏற்பட்ட தொற்று ரத்தத்தின் வழியாகச் செயற்கை எலும்பை வந்தடைவதும் உண்டு.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் எத்தனை நாள் ஆன்டிபயாடிக் கொடுப்பது என்பதில் மருத்துவர்களிடையே நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு இருந்தது. 12 நாடுகளில் 604 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'பாரிட்டி' ஆய்வு 2022-இல் இதற்கு விடை தந்தது. ஐந்து நாள் மருந்து பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கும், ஒரே நாள் பெற்றவர்களில் 16.7 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் தொற்று ஏற்பட்டது. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றும், அதிக நாள் மருந்து கொடுத்தால் பக்கவிளைவுகளே கூடும் என்றும் அது கண்டது. மருந்தை நீட்டிப்பதால் பயனில்லை என்பது ஒருபுறமிருக்க, ஆறில் அல்லது ஏழில் ஒருவருக்கு முதல் ஆண்டிலேயே தொற்று ஏற்படுகிறது என்ற உண்மை கவலையளிப்பதாகும்.

பெரும் செலவில்லாத தீர்வுகளும் உண்டு. கணைக்கால் எலும்பின் மேல்முனையில் தோலுக்கும் உலோகத்துக்கும் இடையே தசை குறைவு. கெண்டைத் தசையின் ஒரு பகுதியைத் திருப்பி உலோகத்தின் மீது போர்த்தத் தொடங்கியதும், பர்மிங்காமில் இப்பகுதியின் தொற்று விகிதம் 36 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், கைத்திறனால் மட்டுமே கிடைத்த பலன் இது.

தரையில் அமரும் நாடு: மேலை நாட்டு ஆய்வுகளின் கணக்கில் வராத ஒன்று இந்தியரின் அன்றாட வாழ்க்கை. செயற்கை மூட்டுடன் நடக்கலாம், படியேறலாம், சைக்கிளும் ஓட்டலாம். ஆனால் குந்தி அமர்வதும், சம்மணமிட்டு உட்காருவதும் கீலுக்கும் புஷ்ஷுக்கும் பெரும் சுமை. இந்திய வகைக் கழிப்பறை, தரையில் இலைபோட்டு உண்ணுதல், மண்டியிட்டுத் தொழுதல், நாற்று நடுதல், களை பறித்தல், தறிக்குழியில் அமர்ந்து நெய்தல் என இந்நாட்டின் வாழ்வும் தொழிலும் முழங்காலை மடக்குவதையே அடிப்படையாகக் கொண்டவை.

எனவே ஒரே பொருத்தி அலுவலகத்தில் நாற்காலியில் அமர்பவருக்கும் வயலில் இறங்குபவருக்கும் ஒரே காலம் உழைப்பதில்லை. மூட்டைத் தூக்குபவருக்கோ, கட்டடத் தொழிலாளிக்கோ தொழிலை மாற்றிக்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். அறிவுரை சரியானதுதான், மாற்றுத் தொழிலுக்கு வழிசெய்வது மருத்துவமனையின் கையில் இல்லை. படிப்பை இடையில் விட்டுச் சிகிச்சைக்கு வந்த சிறுவர்கள் மீண்டும் பள்ளிக்குத் திரும்புவதை உறுதி செய்தால், பிற்காலத்தில் அவர்களது செயற்கை எலும்பின் ஆயுளும் நீளும் என்பது இதிலிருந்து கிடைக்கும் எளிய பாடம்.

வளரும் குழந்தைகள்: காலின் வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைச் சுற்றியுள்ள வளர்ச்சித் தட்டுகளிலேயே நிகழ்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தப் பகுதியை அகற்றினால், மற்றொரு கால் வளர்ந்துகொண்டேயிருக்க, அறுவைச் சிகிச்சை செய்த கால் பின்தங்கிவிடும். இதற்காக நீளக்கூடிய செயற்கை எலும்புகள் உள்ளன. சிலவற்றை நீட்டச் சிறிய அறுவைச் சிகிச்சை தேவை. வெளியிலிருந்து காந்தப் புலத்தின் மூலமே நீட்டத்தக்க வகையும் வந்துவிட்டது. ஆனால் அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. மேலும், வளர்ந்து முடிந்ததும் இதனை அகற்றிவிட்டுப் பெரியவர்களுக்கான பொருத்தியை வைக்க நேர்வதும் உண்டு. அதாவது, இரண்டாவது அறுவைச் சிகிச்சை தொடக்கத்திலேயே எதிர்பார்க்கப்படுவது.

மாற்று வழிகள்: உலோகத்தின் விலையும் ஆயுளும் தரும் நெருக்கடியால் இந்திய மருத்துவர்கள் வேறு வழிகளையும் நாடியுள்ளனர். கட்டியுள்ள எலும்பை வெளியே எடுத்து, அதிலுள்ள கட்டியைச் சுரண்டிவிட்டு, அதிக அளவுக் கதிர்வீச்சால் புற்றணுக்களை அழித்து, அதே எலும்பை மீண்டும் அதே நோயாளிக்கே பொருத்துவது அவற்றுள் ஒன்று. செலவு குறைவு, அளவும் அச்சாகப் பொருந்தும். மெல்ல மெல்ல எலும்போடு எலும்பு கூடிவிட்டால் அது நிரந்தரத் தீர்வு. மூட்டைக் காக்க முடிகிற இடங்களில் இம்முறை மிகவும் ஏற்றது. எலும்பு கூடாமல் போவதும், முறிவும், தொற்றும் இதிலும் உண்டு.

துண்டிப்பு என்பதும் எல்லா நேரத்திலும் தோல்வியன்று. 1968-இல் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய 'ஜெய்ப்பூர் கால்' குறைந்த செலவில் தயாரிக்கப்பட்டு, 1975-இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சஹாயதா சமிதி மூலம் இலவசமாகவே வழங்கப்படுகிறது. காலைத் துண்டித்துச் செயற்கைக் கால் பொருத்துவதைவிடக் காலைக் காப்பாற்றுவதே நீண்டகாலத்தில் செலவு குறைந்தது என்று 1997-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு கூறியது. அங்கு செயற்கைக் கால்களின் விலையும், அவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவும் மிக அதிகம். ஜெய்ப்பூர் கால் கிடைக்கும் நாட்டில் அந்தக் கணக்கை அப்படியே ஏற்க முடியாது. எனினும், குறிப்பாக இளம்பெண்களின் விஷயத்தில், கால் இழப்பு திருமணத்துக்கும் வேலைக்கும் தடையாகிவிடும் என்ற அச்சம் குடும்பங்களின் முடிவைப் பெரிதும் பாதிக்கிறது.

விலைக்கு விதித்த வரம்பு: தில்லியில் இவ்விஷயம் கொள்கை அளவில் பேசப்பட்டது 2017-இல்தான். அவ்வாண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி தேசிய மருந்துகள் விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுப் பொருத்திகளுக்கு உச்சவரம்பு விலையை அறிவித்தது. சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு ரூ.54,720 என்றும், புற்றுநோய் மற்றும் கட்டி நோயாளிகளுக்கான சிறப்புப் பொருத்திக்கு ரூ.1,13,950 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. அப்போதைய மத்திய ரசாயனம், உரத் துறை அமைச்சர் அனந்த் குமார் இதனை அறிவித்தபோது, மூட்டுத் தேய்மான நோயாளிகளுக்குக் கிடைக்கும் பயனே நாளேடுகளில் பெரிதும் இடம்பெற்றது. கட்டி நோயாளிகளுக்கான பிரிவு அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. அதன்பின் இந்த வரம்பு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்தது.

இந்த ஆணையின் பயன் மறுக்க முடியாதது. ஆனால் அது முழங்காலுக்கு மட்டுமே உரியது. இடுப்பு, தோள், முழங்கை ஆகிய இடங்களில் பொருத்தப்படும் செயற்கை எலும்புகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. மேலும், பொருத்தியின் விலை என்பது மொத்தச் செலவில் ஒரு பகுதியே. பல மாதக் கீமோதெரபி, ஸ்கேன் பரிசோதனைகள், அறுவை அரங்கம், பிசியோதெரபி, மும்பையிலோ தில்லியிலோ தங்கும் செலவு, உடன் வரும் தந்தை அல்லது தாயின் கூலி இழப்பு ஆகியவை தனி.

காப்பீடு எதுவரை?: 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் (ஆயுஷ்மான் பாரத்), தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வகைசெய்கிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதியும், சுகாதார அமைச்சகத்தின் ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதியும் ஏழை நோயாளிகளுக்குக் கைகொடுக்கின்றன. சிகிச்சைக்கும் காலமுறைப் பரிசோதனைக்கும் செல்லும் புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகையும் உண்டு.

இவையனைத்தும் நோயாளியின் இன்றைய நிலையைப் பார்த்து உதவுபவை. பதினைந்து வயதில் ஏழைத் தந்தையின் குடும்ப அட்டையில் சிகிச்சை பெற்ற சிறுவன், முப்பத்தைந்து வயதில் சிறு வேலையுடன் தனிக் குடும்பமாக இருப்பான். தண்டு தளர்ந்து மறு அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது, அவன் அரசின் ஏழைப் பட்டியலில் இல்லாமலிருக்கலாம். தனியார் காப்பீட்டை விலைகொடுத்து வாங்கும் வசதியும் இல்லாமலிருக்கலாம். முதல் சிகிச்சையை ஏற்ற அரசு, அதன் தவிர்க்க முடியாத தொடர்ச்சியையும் ஏற்க வேண்டுமா என்பது கொள்கை வகுப்போர் விடை காண வேண்டிய கேள்வி.

கண்ணுக்குத் தெரியாத குறை: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் இருப்போருக்கே மத்திய அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு போன்ற பயன்கள் கிடைக்கும். கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு, துண்டிக்கப்பட்ட இடத்தைப் பொருத்து, விழுக்காடு அட்டவணையிலேயே உள்ளது. கால் காப்பாற்றப்பட்டவர்களுக்கு மூட்டின் அசைவு, தசை வலிமை, நிலைத்து நிற்கும் திறன் ஆகியவற்றை அளந்து கணக்கிட வேண்டும். பரிசோதனை நாளில் நன்றாக நடந்து காட்டும் இளைஞர், எந்நேரமும் முறியக்கூடிய உலோகத்தைத் தாங்கி நிற்கிறார் என்பது அந்த அளவுகோலில் பதிவதில்லை. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, சுமக்கக் கூடாது என்று மருத்துவர் விதித்த தடைகளும் அவ்வாறே.

இதனால், காலை இழந்தவருக்குக் கிடைக்கும் சான்றிதழ், காலைக் காப்பாற்றிக்கொண்டவருக்குக் கிடைக்காமல் போகக்கூடும். உடற்தகுதித் தேர்வுள்ள வேலைகளுக்கு அவர் தகுதியற்றவர். ஒதுக்கீட்டுக்கும் தகுதியற்றவர் என்ற நிலை ஏற்படுகிறது.

பதிவேடு எங்கே?: எத்தனை இந்தியர்கள் இத்தகைய செயற்கை எலும்புடன் வாழ்கின்றனர், எந்த நிறுவனத்தின் பொருத்தி எத்தனை ஆண்டு தாங்கியது என்று கூறக்கூடிய கட்டாய தேசியப் பதிவேடு நாட்டில் இல்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளின் விவரத்தை வைத்திருக்கிறது. முகவரி மாறிய, தொலைபேசி எண் மாறிய, ஊர் திரும்பிய பிறகு வராமலே போன நோயாளிகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

பதிவேடு இல்லாததன் விளைவை நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் 'ஏஎஸ்ஆர்' இடுப்பு மூட்டுப் பொருத்திகள் 2010-ஆம் ஆண்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அவற்றைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அவர்களில் பலரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. மத்திய அரசு 2017-இல் குழு அமைத்து, இழப்பீடு நிர்ணயிக்க மேலும் காலம் பிடித்தது. மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கப்பட்டது உண்மையே. ஆனால் அது பாதிப்பு நேர்ந்தபின் தெரிவிப்பதற்கானது. பொருத்தப்பட்ட நாளிலிருந்து ஒவ்வொருவரையும் தொடரும் பதிவேட்டுக்கு அது மாற்றாகாது.

உள்நாட்டுச் செயற்கை எலும்பின் தரத்தை உயர்த்தவும் இப்பதிவேடு இன்றியமையாதது. இறக்குமதியானதைவிடப் பல மடங்கு விலை குறைந்த பொருத்தி அதே காலம் உழைத்தால் அது நாட்டுக்கே பெருமை. பாதிக் காலத்தில் முறிந்தால் சேமித்த பணம் மறு அறுவைச் சிகிச்சையில் கரைந்துவிடும். இரண்டில் எது உண்மை என்பதைச் சில மருத்துவமனைகளின் கட்டுரைகளை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. நாடெங்கும் புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு 2012 முதல் செயல்படுகிறது. அதன் வழியாகவே இத்தகைய பதிவேட்டைத் தொடங்க முடியும்.

செய்ய வேண்டியவை: முதல் அறுவைச் சிகிச்சையின்போதே நோயாளிக்குப் பொருத்தியின் வகை, அளவு, தயாரிப்பு எண் அடங்கிய அட்டையை வழங்குவது, மாநிலத்துக்கு ஒரு மருத்துவமனையிலாவது மறு அறுவைச் சிகிச்சைக்கான வசதியை ஏற்படுத்துவது, விலை வரம்பை இடுப்பு, தோள் பொருத்திகளுக்கும் விரிவுபடுத்துவது, வருமான வரம்பைப் பாராமல் மறு சிகிச்சையை அரசுக் காப்பீட்டில் சேர்ப்பது, ஊனச் சான்றிதழ் விதிகளில் செயற்கை எலும்பைத் தனியே குறிப்பிடுவது ஆகியவை பெரும் நிதிச்சுமையை ஏற்படுத்துபவை அல்ல. இந்நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்பதே அதற்குக் காரணம்.

ஆனால், எண்ணிக்கை குறைவு என்பதே அவர்களின் குரல் தில்லியில் ஒலிக்காததற்கும் காரணமாக உள்ளது. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அம்மையங்களில் கீமோதெரபிக்கு வருவோரின் பதிவுடன், பொருத்தப்பட்ட உலோகத்தை ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்தால், தளர்வை முன்கூட்டியே கண்டறிய முடியும். புஷ் தேயும்போதே மாற்றிவிட்டால் தண்டு தளர்வதைத் தள்ளிப்போடலாம். அதற்குத் தேவைப்படுவது ஒரு எக்ஸ்ரே இயந்திரமும், நோயாளியின் பெயர் எழுதிய ஒரு பதிவேடும்தான்.